எழும்பாத கணிப்பொறியும் திறவாத கதவும்

கணிப்பொறியின் பொத்தானை அழுத்துகிறோம். சற்று நேரத்தில் திரை ஒளிர்கிறது. பெயரையும் கடவுச்சொல்லையும் கேட்கிறது. கொடுத்ததும் உள்ளே விடுகிறது. நம்மில் பலருக்குத் தெரிந்தது இவ்வளவுதான். அந்தப் பொத்தானுக்கும் அந்தக் கேள்விக்கும் இடையில் என்ன நடக்கிறது என்பதை, அது நடக்காமல் போன நாட்களில்தான் நாங்கள் கற்றுக்கொண்டோம். பத்தாம் வகுப்பு மாணவியர் நால்வர், எங்கள் கணிப்பொறி ஆசிரியையின் துணையோடு, காலாண்டு விடுமுறையில் ஓர் இயக்க முறைமையை நாங்களே கட்ட முற்பட்டோம். அது மூன்று முறை எழும்ப மறுத்தது. எழும்பிய பின்னும் எங்களை உள்ளே விடவில்லை.

இயக்க முறைமை என்றால் என்னவென்று எங்கள் வீட்டார் கேட்டபோது சொன்ன விடையையே இங்கும் சொல்கிறோம். கணிப்பொறியின் உறுப்புகளையும், அதில் வேலை செய்யும் மற்ற நிரல்களையும் கட்டி மேய்க்கும் தலைமை நிரலே இயக்க முறைமை. விண்டோஸ் அதில் ஒரு வகை. லினக்ஸ் மற்றொரு வகை. லினக்ஸின் உட்கருவை எழுதத் தொடங்கியவர் ஃபின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ். 1991ஆம் ஆண்டு ஆகஸ்டு 25ஆம் நாள் அவர் அதைப் பற்றி உலகுக்கு அறிவித்தபோது அவருக்கு வயது 21. எங்களைவிட ஆறு வயதுதான் மூத்தவர் என்பதை ஆசிரியை சொன்னபோது நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

லினக்ஸின் மூல நிரல் பூட்டி வைக்கப்பட்டதன்று. யாரும் படிக்கலாம், திருத்தலாம், தமக்கென ஒன்றைக் கட்டிக்கொள்ளலாம். அப்படித்தான் நம் நாட்டில் சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையத்தினர், டெபியன் என்னும் லினக்ஸ் வகையை அடிப்படையாகக் கொண்டு, 2007இல் 'பாஸ்' என்னும் இயக்க முறைமையை வெளியிட்டனர். தமிழ் உட்பட இந்திய மொழிகள் பலவற்றில் அது பேசும். 2011 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசு விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியபோது, அந்தக் கணினிகளில் விண்டோஸும் பாஸும் அருகருகே வைத்துத் தரப்பட்டன. எங்கள் அக்காமார் காலத்து அந்த மடிக்கணினிகள் வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி வீடுகளில் இன்னும் பீரோவின் மேல் தட்டில் கிடக்கின்றன. அவற்றுள் ஒன்றைப் பற்றிப் பின்னால் சொல்ல வேண்டியிருக்கிறது.

நாங்கள் கட்டியது பாஸ் அன்று. 'லினக்ஸ் ஃப்ரம் ஸ்கிராட்ச்' என்று ஒரு நூல் உண்டு. அதாவது, அடித்தளத்திலிருந்து லினக்ஸ். ஜெரார்டு பீக்மன்ஸ் என்பவர் 1999இல் தொடங்கிய முயற்சி அது. யாரோ சமைத்து வைத்ததை எடுத்து உண்ணாமல், அரிசி களைவதிலிருந்து தொடங்கச் சொல்லும் நூல். ஏறத்தாழ 80 மென்பொருள்களின் மூல நிரல்களை ஒன்றன்பின் ஒன்றாக, குறித்த வரிசையில், நாமே தொகுக்க வேண்டும். அந்நூலில் நேரத்தை மணிக்கணக்கில் சொல்வதில்லை. முதலில் தொகுக்கும் பின்யூட்டில்ஸ் என்னும் மென்பொருளுக்கு உங்கள் பொறியில் எவ்வளவு நேரம் ஆகிறதோ, அதுவே ஓர் அலகு. மற்றவை எல்லாம் அதன் மடங்குகள். எங்கள் பொறியில் ஓர் அலகு பதினொரு நிமிடம். சில மென்பொருள்களை ஓடவிட்டுவிட்டு, சாப்பிட்டு, ஜெபமாலையும் சொல்லி முடித்து வந்தாலும் அவை முடிந்திருக்கவில்லை.

அந்தப் பணியில் எங்களுக்குப் பிடித்த இடம் ஒன்று உண்டு. பாதி கட்டிய முறைமைக்குள் நுழையும்போது, கட்டளை கேட்கும் இடத்தில் வழக்கமாகப் பயனர் பெயர் இருக்கும். பயனர் பட்டியலை எழுதும் வரை அங்கே "எனக்குப் பெயரில்லை!" என்று ஆங்கிலத்தில் வரும். பட்டியலை எழுதி முடித்ததும் அது மறைந்துவிடும். பிள்ளைக்குப் பெயர் வைத்தது போல எங்களுக்கு மகிழ்ச்சி. அந்தப் பட்டியலில்தான் பிழையையும் எழுதி வைத்திருந்தோம். அது பின்னர்தான் தெரிந்தது.

இனி, கணிப்பொறி எழும்பும் விதம். அது ஒரே தாவலாக எழுவதில்லை. ஒருவர் அடுத்தவரை எழுப்பிவிட்டு, பொறுப்பை அவர் கையில் கொடுத்து ஒதுங்குகிறார். முதலில் தாய்ப்பலகையிலுள்ள பயாஸ் விழிக்கிறது. நினைவகம், விசைப்பலகை முதலியவற்றைச் சரிபார்க்கிறது. பின் ஹார்டு டிஸ்கின் முதல் 512 பைட்டுகளைப் படிக்கிறது. (புதிய கணினிகளில் இவ்வேலையை யூ.இ.எஃப்.ஐ. வேறு விதமாகச் செய்கிறது. எங்களுடையவை பழையவை.) அந்தச் சிறு இடத்தில் இருப்பது கிரப் என்னும் துவக்கியின் முனை மட்டுமே. அது தன் மீதி உடலைத் தேடி எடுத்துக்கொண்டு, லினக்ஸின் உட்கருவான கெர்னலை நினைவகத்தில் ஏற்றுகிறது. கெர்னல், கோப்புகள் அனைத்தும் இருக்கும் 'ரூட்' பகுதியைத் திறந்து, இனிட் என்னும் முதல் நிரலை எழுப்புகிறது. இனிட் மற்றப் பணியாட்களை எழுப்பி, கடைசியில் வாசலில் ஒருவரை நிறுத்துகிறது. "உன் பெயர் என்ன?" என்று கேட்பவர் அவரே.

எங்களில் ஒருத்தியின் தந்தையார் டேனரியில் முப்பது ஆண்டுகளாக வேலை பார்ப்பவர். நாங்கள் முகம் வாடி உட்கார்ந்திருந்த ஒரு மாலையில் மகளை அழைத்துப் போக வந்தவர், "எந்த இடத்துல நின்னுச்சும்மா?" என்று கேட்டார். தோலை ஊறவைத்து, சுண்ணாம்பில் போட்டு, முடியும் சதையும் நீக்கி, டிரம்மில் பதனிட்டு, உலர்த்தி, மெருகேற்றும்போது ஒரு கறை தெரிகிறதாம். மெருகேற்றுபவரைத் திட்டிப் பயனில்லை. அது சுண்ணாம்பில் வந்ததா, அதற்கும் முன்னே உப்பிட்டதில் வந்ததா என்று பின்னோக்கி நடந்து பார்க்க வேண்டுமாம். அவருக்குக் கணிப்பொறி இயக்கத் தெரியாது. ஆயினும் எங்கள் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் அன்றே எழுதி வைத்தோம்: எந்த இடத்தில் நின்றது?

முதல் தடங்கல் எங்களுக்கு மிகுந்த வெட்கத்தைத் தந்தது. ஆய்வகத்தில் பாஸ் இயங்கும் ஒரு கணிப்பொறியில் இரண்டாவதாக ஒரு பழைய ஹார்டு டிஸ்கைப் பொருத்தி, அதில்தான் எங்கள் முறைமையைக் கட்டினோம். லினக்ஸ் முதல் டிஸ்கை எஸ்.டி.ஏ. என்றும், இரண்டாவதை எஸ்.டி.பி. என்றும் அழைக்கும். கட்டி முடித்ததும் கிரப்பை எங்கள் டிஸ்கில் எழுத வேண்டும். கட்டளையின் கடைசி எழுத்து 'பி'. எங்களில் ஒருத்தி 'ஏ' என்று அடித்தாள். யாரென்று சொல்ல மாட்டோம். திரை "பிழை ஏதுமில்லை" என்றது. எங்கள் டிஸ்கைக் கழற்றி, ஒதுக்கி வைத்திருந்த ஒரு பழைய பொறியில் மாட்டி, பொத்தானை அழுத்தினோம். துவக்கத்தக்க வட்டு ஏதுமில்லை என்ற ஒரே வரி. சரி, பாஸ் கணிப்பொறியில் மீண்டும் பார்ப்போம் என்று அதை இயக்கினால், "அத்தகைய சாதனம் இல்லை" என்று சொல்லி, 'கிரப் ரெஸ்க்யூ' என்ற சொல்லோடு அதுவும் நின்றுவிட்டது. ஒரே எழுத்தில் இரண்டு கணிப்பொறிகள் படுத்துவிட்டன. இரண்டாவது, பன்னிரண்டாம் வகுப்பு அக்காமார் திங்கட்கிழமை செய்முறைத் தேர்வுக்குப் பயன்படுத்த வேண்டியது. அன்று வெள்ளி.

ஆசிரியை கடிந்துகொள்ளவில்லை. "எந்த இடத்தில் நின்றது?" என்றார். பயாஸ் விழித்தது, கிரப்பின் முனையும் விழித்தது, தன் மீதி உடலை நாங்கள் கழற்றிச் சென்ற டிஸ்கில் தேடி, காணாமல் நின்றது. ஆகவே பாஸுக்கு ஒரு கேடும் இல்லை. வழிகாட்டும் பலகைதான் தவறான ஊரைக் காட்டுகிறது. அந்த ரெஸ்க்யூ நிலையிலேயே சில கட்டளைகள் வேலை செய்யும். எல்.எஸ். என்று கொடுத்து, எந்த டிஸ்குகள் தெரிகின்றன என்று பார்த்தோம். பாஸின் பகுதியைக் கண்டு, "உன் கோப்புகள் இங்கே உள்ளன" என்று பிரிஃபிக்ஸ் என்னும் மாறியில் கொடுத்து, நார்மல் என்னும் கூறை ஏற்றி, இயக்கினோம். பாஸின் பட்டியல் திரையில் வந்தது. உள்ளே சென்று கிரப்பை முறையாக மீண்டும் அதே டிஸ்கில் எழுதினோம். மாலை ஆறரை ஆகியிருந்தது. வெளியே நின்ற பெற்றோரிடம் தாமதத்திற்கு மன்னிப்புக் கேட்டது சிஸ்டர்தான்.

அடுத்த வாரம் எங்கள் டிஸ்கிலும் கிரப்பைச் சரியாக எழுதி, பழைய பொறியில் மாட்டினோம். இம்முறை கெர்னல் ஓடத் தொடங்கியது. வரிகள் பாய்ந்தன. பிறகு 'கெர்னல் பேனிக்' என்று கூறி உறைந்தது. கெர்னலுக்குப் பதற்றம் வந்துவிட்டது என்று பொருள். ரூட் பகுதியைத் திறக்க முடியவில்லை என்பதே அதன் முறையீடு. இந்தச் செய்தியைக் கண்டதும் அணைத்துவிடத் தோன்றும். அணைக்கக் கூடாது. அதற்குச் சற்று மேலே, கெர்னல் தன் கண்ணுக்குத் தெரியும் டிஸ்குப் பகுதிகளைப் பட்டியலிடும். எங்களுக்கு வந்த பட்டியல் காலியாக இருந்தது. அதாவது, கெர்னல் டிஸ்கையே பார்க்கவில்லை. காரணம் இதுதான். பாஸ் பொறியின் டிஸ்குக் கட்டுப்பாட்டுச் சில்லு ஒரு வகை. பழைய பொறியினது வேறு வகை. அந்த வேறு வகைக்குரிய டிரைவரைக் கெர்னலுக்குள்ளேயே சேர்க்காமல், தனிக் கோப்பாக டிஸ்கில் வைத்திருந்தோம். டிஸ்கைத் திறக்க டிரைவர் வேண்டும். டிரைவரோ டிஸ்கினுள் இருக்கிறது. பெட்டிச் சாவியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிய கதை. கெர்னலை மறுபடி தொகுத்தோம். இம்முறை அந்த டிரைவரை உள்ளேயே சேர்த்து.

மறுபடியும் பேனிக். ஆனால் இப்போது பட்டியல் காலியாக இல்லை, எஸ்.டி.ஏ.1 என்று தெளிவாக இருந்தது. பார்த்ததும் நால்வரும் சிரித்துவிட்டோம். கட்டும்போது இரண்டாவதாக இருந்த டிஸ்க், பழைய பொறியில் தனியாக இருப்பதால் முதலாவது ஆகிவிட்டது. நாங்களோ கிரப்பிடம் இன்னும் எஸ்.டி.பி. என்றே சொல்லி வைத்திருந்தோம். பள்ளியில் ஒருத்தியை வகுப்பு எண்ணால் மட்டும் அழைத்தால், வகுப்பு மாறியதும் வேறொருத்தி திரும்பிப் பார்ப்பாள் அல்லவா? அதனால்தான் பெரிய முறைமைகள் பகுதிகளுக்கு மாறாத நீண்ட அடையாள எண்ணை வைத்துக்கொள்கின்றன. கிரப்பில் திருத்தினோம். கெர்னல் ரூட்டைத் திறந்தது, இனிட் எழுந்தது, உடனே டிஸ்கைச் சோதிக்கும் கட்டத்தில் அதுவும் நின்றது. பகுதிகளின் பெயர் எஃப்.எஸ்.டேப் என்னும் கோப்பிலும் உண்டு. அதை மறந்திருந்தோம். ஒரே செய்தியை இரண்டிடத்தில் எழுதினால் ஒன்று பொய்யாகும் நாள் வரும் என்று ஆசிரியை முன்பே சொன்னார்.

ஒரு வழியாக வாசலில் ஆள் வந்து பெயரைக் கேட்டார். ரூட் என்றோம், கடவுச்சொல்லைக் கொடுத்தோம். திரை ஒரு கணம் சிமிட்டி, மறுபடியும் பெயரைக் கேட்டது. மறுபடியும் கொடுத்தோம். மறுபடியும் அதே. எங்களில் இருவர் கடவுச்சொல் தவறு என்றனர். இருவர் சரி என்றனர். இருபது முறையாவது அடித்திருப்போம்.

இங்கேயும் விடை திரையில்தான் இருந்தது. கடவுச்சொல் தவறானால் "நுழைவு தவறு" என்று ஒரு வரி வரும். வேண்டுமென்றே தவறாகக் கொடுத்துப் பார்த்தோம். அந்த வரி வந்தது. சரியானதைக் கொடுத்தால் அந்த வரி வரவில்லை. சத்தமின்றி வெளியே தள்ளியது. ஆகவே கடவுச்சொல் ஏற்கப்படுகிறது. அதற்குப் பின்னே ஏதோ ஒன்று விழுகிறது. கடவுச்சொல்லுக்குப் பின் நடப்பது ஒன்றே ஒன்று: நமக்குரிய ஷெல், அதாவது கட்டளைகளை ஏற்கும் நிரல், தொடங்க வேண்டும். எந்த ஷெல் என்பது பயனர் பட்டியலில் ஒவ்வொருவர் வரியின் கடைசியிலும் எழுதப்பட்டிருக்கும். 'பேஷ்' என்பதன் ஆங்கில எழுத்துகளில் கடைசி இரண்டை இடம் மாற்றி அடித்திருந்தோம். அப்படியொரு நிரல் உலகில் இல்லை. பெயர் வைத்த மகிழ்ச்சியில் செய்த பிழை.

பட்டியலைப் பற்றிச் சொல்லும்போது கடவுச்சொல் எங்கே இருக்கிறது என்றும் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் சி.டி.எஸ்.எஸ். என்னும் பொதுக் கணிப்பொறி இருந்தது. பலர் பகிர்ந்து பயன்படுத்தியதால் ஒவ்வொருவருக்கும் கடவுச்சொல் தந்தார்கள். எல்லாவற்றையும் ஒரு கோப்பில் அப்படியே எழுதி வைத்தார்கள். 1966இல் ஒருநாள், இரண்டு கோப்புகளை ஒரே நேரத்தில் திருத்தும்போது நேர்ந்த குழப்பத்தால், அன்றைய அறிவிப்பு வர வேண்டிய இடத்தில், உள்ளே நுழைந்தவர் அனைவருக்கும் எல்லோருடைய கடவுச்சொற்களும் காட்டப்பட்டன! பின்னாளில் யூனிக்ஸ் முறைமையில் கடவுச்சொல்லை எழுதி வைக்காமல், அதை அரைத்து அடையாளம் தெரியாமல் செய்து அந்த மாவை மட்டும் வைத்தார்கள். ஆனால் இருவர் ஒரே சொல்லைத் தேர்ந்தால் ஒரே மாவுதானே வரும்? அதைத் தடுக்க, ராபர்ட் மோரிஸும் கென் தாம்சனும் 1979இல் வெளியிட்ட கட்டுரையில் ஒரு முறையை விளக்கினார்கள். அரைக்கும் முன் ஒவ்வொருவருக்கும் ஏதோ ஓர் எண்ணைச் சேர்ப்பது. அப்போது 4096 வகையில் சேர்க்கலாம். அதற்கு அவர்கள் இட்ட பெயர் உப்பு. பச்சைத் தோல் கெடாமலிருக்க உப்பிடும் ஊர்ப் பிள்ளைகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

சரி, உள்ளே நுழையாமல் பட்டியலைத் திருத்துவது எப்படி? கிரப்பின் பட்டியலில் 'இ' விசையை அழுத்தினால் கெர்னலுக்குச் சொல்லும் வரி திறக்கும். அதன் கடைசியில், "இனிட்டை எழுப்பாதே, நேரே பேஷ் ஷெல்லை எழுப்பு" என்று சேர்த்தோம். வாசலில் யாரும் நிற்கவில்லை. யாரும் பெயர் கேட்கவில்லை. படிக்க மட்டும் திறந்திருந்த ரூட் பகுதியை எழுதவும் திறந்து, இரண்டு எழுத்துகளைத் திருத்தினோம். முறையாக அணைத்து எழுப்பியபோது எங்கள் முறைமை எங்களை உள்ளே விட்டது. கைதட்டலைக் கேட்டு வந்த சிஸ்டர், நடந்ததை முழுதும் கேட்டுவிட்டு, "அப்படியானால் கடவுச்சொல் போட்ட எந்தக் கணினியையும் நீங்கள் இப்படித் திறந்துவிடலாமா?" என்றார். பெரும்பாலும் ஆம் என்றோம். டிஸ்கையே மறையாக்கம் செய்திருந்தால் இந்த வழி பலிக்காது. செய்யாவிட்டால், பொறி யார் கையில் இருக்கிறதோ அவர் நுழைந்துவிடலாம். கடவுச்சொல் மேசைக்கு முன் வந்து உட்காராதவரைத்தான் தடுக்கும். சிஸ்டர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "உரியவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்காமல் எந்தப் பொறியிலும் இதைச் செய்யக் கூடாது" என்றார். அது ஆய்வகச் சுவரில் எழுதப்பட்டது.

பத்து நாட்களில் அதற்கு வேலை வந்தது. எங்கள் தோழி ஒருத்தியின் அக்கா, ஆம்பூரில் ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் இருப்பவர், பள்ளியில் பெற்ற விலையில்லா மடிக்கணினியைத் துணிப்பையில் சுற்றி எடுத்து வந்தார். விண்டோஸ் எழும்பவில்லை, நீலத் திரையோடு நின்றுவிடுகிறது. கடையில் எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாகப் போடலாம் என்றார்களாம். அழிக்க அவருக்கு மனமில்லை. மறைந்த தம் தந்தையின் படங்கள் அதில் மட்டுமே இருந்தன.

எந்த இடத்தில் நின்றது என்று பார்த்தோம். கிரப்பின் பட்டியல் வந்தது. விண்டோஸைத் தேர்ந்தால்தான் நின்றது. பட்டியலின் இன்னொரு வரி பாஸ். இத்தனை ஆண்டுகளில் ஒருமுறையும் அதைத் திறந்ததில்லை என்றார் அக்கா. தேர்ந்தோம்; அழகாக எழும்பி, கடவுச்சொல்லைக் கேட்டது. யாருக்கு நினைவிருக்கும்? அக்காவை நடுவில் உட்கார வைத்து, 'இ' விசையை அவரையே அழுத்தச் சொன்னோம். புதிய கடவுச்சொல்லை அவர் அடிக்கும்போது நாங்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டோம். உள்ளே சென்றதும் விண்டோஸின் பகுதியைப் படிக்க மட்டும் என்று திறந்தோம். பழுதான பகுதியில் ஒரு சொல்லும் எழுதிவிடக் கூடாது என்பதற்காக.

படங்கள் இருந்தன. மூன்றாவது படத்தில் அவருடைய அப்பா, லுங்கியும் ரப்பர் பூட்ஸுமாக, டேனரியின் பெரிய மர டிரம்முக்கு முன்னால், படமெடுப்பது பிடிக்காதவரைப் போல நிற்கிறார். அக்கா ஒன்றும் சொல்லவில்லை. எல்லாவற்றையும் இரண்டு பென் டிரைவில் நகலெடுத்தோம். ஒன்றை அவரும், மற்றொன்றை அவருடைய அம்மாவும் வைத்திருக்கிறார்கள். விண்டோஸை இன்னும் சரிசெய்யவில்லை. அக்கா இப்போது பாஸில்தான் வேலை பார்க்கிறார். தமிழில் பட்டியல்கள் வருவது வசதியாக இருக்கிறது என்கிறார்.